அறுபதடி வெயில்

ஆரணி
22 ஜனவரி 2023

அன்புள்ள அண்ணாவுக்கு,

ரத்னாவதி எழுதுவது. பொங்கலுக்குப் பிறகு மூன்று முறை போன் செய்தேன். மூன்றாவது முறை அண்ணி எடுத்து, "எதுனா சொல்லணும்னா எழுதி அனுப்பச் சொல்றாரு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்கள். பக்கத்தில் நீங்கள் இருமியது கேட்டது. அதனால் எழுதுகிறேன்.

பாகப்பிரிவினையில் என் பங்குக்கு வந்த ஐம்பது சென்ட்டில், இரண்டு வருஷம் தரிசாகக் கிடந்தபிறகு, இந்தச் சம்பாதான் முதல் பயிர். விளைவதில் பாதி அவளுக்கு என்று கன்னியம்மாளிடம் வாரத்துக்கு விட்டிருந்தேன். நம் வயலில் இருபது வருஷம் நாற்று நட்டவள். வேலையில் குறை சொல்ல முடியாது. தண்ணீருக்கும் குறைவில்லை. ஆனால் அறுத்துத் தூற்றியபோது பாதி காற்றோடு போய்விட்டது. வடக்குப் பக்கம் நெல் நன்றாக முற்றியிருக்கிறது. உங்கள் வரப்பை ஒட்டிய தெற்குப் பக்கம் முழுக்கக் கருக்காய். உமி இருக்கிறது, உள்ளே அரிசி இல்லை.

காரணம் உங்கள் வரப்பில் நிற்கும் சவுக்கு. கிறிஸ்துமஸ் விடுமுறையில் நானும் கன்னியம்மாளும் டேப் பிடித்து அளந்தோம். மரம் இருபத்தைந்து அடி வளர்ந்திருக்கிறது. மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்துபோவதால் நிழல் முழுவதும் என் பக்கம்தான். உச்சியில் பதினெட்டு அடி, காலை ஒன்பது மணிக்கு இருபத்தைந்து அடி. என் வயலின் அகலமே அறுபது அடி.

கதிர் பால் பிடிக்கும் அந்த முப்பது நாளில்தான் எல்லாம் நடக்கிறது, அண்ணா. கதிரை ஒட்டி நிற்கும் கண்ணாடி இலை, வேர் கொண்டுவரும் தண்ணீரையும் காற்றிலிருக்கும் கரியமில வாயுவையும் சேர்த்துச் சர்க்கரை செய்கிறது. அந்த வேலைக்கு வேண்டிய சக்தி வெயிலிலிருந்துதான் வரவேண்டும். இலையின் பச்சையம் வெயிலைப் பிடித்துத் தண்ணீரைப் பிளக்கிறது. பிராணவாயு வெளியே போய்விடும், பிடித்த சக்தி சர்க்கரைக்குள் தங்கிவிடும். சர்க்கரை கதிருக்குப் போய் மாவாகிறது. நாம் அரிசி என்று தின்பது அதைத்தான். வெயில் குறைந்தால் இலை பச்சையாகவே நிற்கும், பார்ப்பதற்கு ஒன்றும் தெரியாது. கதிர் மட்டும் காலியாக இருக்கும்.

மரத்தை எடுக்கச் சொல்லிக் கேட்கவில்லை. இருப்பது ஒரே வரிசை. பத்தடிக்குமேல் வளராமல் நுனியைக் கழித்துவிட்டால் போதும். கூலி ஆளை நானே அனுப்புகிறேன்.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

தங்கை
ரத்னாவதி

*

தெள்ளார்
9 பிப்ரவரி 2023

ரத்னாவதிக்கு,

கடிதம் வந்தது. பள்ளிக்கூடத்தில் நடத்துகிற பாடத்தை எனக்கும் நடத்தியிருக்கிறாய். அப்பாவுக்கு முதுகில் அடிபட்ட வருஷம் நான் கல்லூரியைப் பாதியில் விட்டுவிட்டு ஏர் பிடித்தேன். அந்த ஏரில் விளைந்த நெல்லை விற்றுத்தான் நீ எம்.எஸ்ஸி. வரைக்கும் தாவரவியல் படித்தாய். பச்சையம் என்ற வார்த்தையை உனக்கு வாங்கிக் கொடுத்தவனே நான்தான். எனக்குத் தெரியாதா, நிழலில் நெல் விளையாது என்று?

படித்து முடித்ததும் வீட்டில் ஒரு வார்த்தை சொல்லாமல் ஆரணிக்குப் போய் ஒரு நெசவுக்காரரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாய். சாதி சமயம் பற்றி இனி நான் பேசப்போவதில்லை. அது முடிந்து பதினெட்டு வருஷம் ஆகிறது. ஆனால் அப்பா பதினான்கு மாதம் படுக்கையில் கிடந்தார். திருப்பிப் படுக்கவைத்ததும் துடைத்துவிட்டதும் நானும் உன் அண்ணியும்தான். அவர் போய், காரியமெல்லாம் முடிந்த மறுமாதம் உன் பெயர் போட்ட தபால் ஒன்று வந்தது. பிரித்துப் பார்த்தால் வக்கீல் நோட்டீஸ்.

பங்கு கேட்டாய். சட்டம் கொடுக்கச் சொன்னது, கொடுத்தேன்.

சவுக்கு என் வாழைக்குக் காற்றுத் தடுப்பு. ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்கிலிருந்து வரும் காற்றில் போன முறை நூறு வாழை சாய்ந்தது. மரம் நிற்பது என் வரப்புக்கு இந்தப் பக்கம், என் மண்ணில். மேலும், வளர்கிற மரத்தின் தலையை நான் வெட்டமாட்டேன். ஓரறிவு என்றாலும் உயிர்தான் என்பது ஜைன தர்மம். நீ இப்போது எதை நம்புகிறாயோ எனக்குத் தெரியாது. இந்த வீட்டில் நாங்கள் அதை இன்னும் நம்புகிறோம்.

ஞானசந்திரன்

*

ஆரணி
2 மார்ச் 2023

அண்ணாவுக்கு,

அப்பா படுத்திருந்தபோது நான் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டு முறை வந்தேன். முதல் முறை அண்ணி வாசலிலேயே நிறுத்தி, "இப்பத்தான் தூங்குறாரு, அப்பறம் வா" என்றார்கள். பஸ் ஸ்டாண்டில் மூன்று மணி நேரம் உட்கார்ந்துவிட்டு மறுபடி வந்தேன், கதவு பூட்டியிருந்தது. இரண்டாவது முறை நீங்களே வெளியே வந்து, உள்ளே போ என்றும் சொல்லாமல் போய்விடு என்றும் சொல்லாமல் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனீர்கள். நான் திரும்பிவிட்டேன். நான் உள்ளே நுழைந்திருக்க வேண்டும். அது என் குற்றம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வரவில்லை என்று எழுதாதீர்கள்.

சவுக்கின் உயிரைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அது நடும்போதே வெட்டுக்கென்று நடுகிற மரம். நாலாம் வருஷம் வியாபாரி லாரியோடு வந்து நின்றால் எந்த உயிரைச் சொல்லி அனுப்பிவைப்பீர்கள்?

நம் வீட்டில் பொழுது சாய்ந்தபின் யாரும் வாயில் ஒரு பருக்கை வைப்பதில்லை. நீங்கள் நம்பினாலும் நம்பாவிட்டாலும் நான் இன்னும் அப்படித்தான். பள்ளியிலிருந்து வந்ததும் ஐந்தரைக்குச் சாப்பிட்டுவிடுகிறேன். இவர் தறியைவிட்டு எழுந்து வர எட்டாகும், தனியாகத்தான் சாப்பிடுகிறார். பதினெட்டு வருஷத்தில் அதற்காக ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. நெற்பயிரும் நம்மைப்போலத்தான் அண்ணா, பொழுது இருக்கும்போது மட்டும்தான் அதற்குச் சாப்பாடு. பொழுது இருக்கும்போதே அதைப் பட்டினி போடுகிறீர்கள்.

இந்தத் தெருவில் சாயம் தோய்த்த பட்டு நூலை நிழலில்தான் உலர்த்துகிறார்கள், வெயில் பட்டால் நிறம் போய்விடும் என்று. நிழலுக்கு இங்கே மதிப்பு இருக்கிறது. வயலில் அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்?

பத்திரத்தை எடுத்து மறுபடி படித்தேன். கிணற்றில் பங்கு இருக்கிறது, வாய்க்கால் பாத்தியம் இருக்கிறது, வண்டி போகப் பாதை இருக்கிறது. வெயிலைப் பற்றி ஒரு வரி இல்லை. ஒரு நெல்மணியின் எடையில் மண்ணிலிருந்து வந்தது சிட்டிகையளவுதான். மீதியெல்லாம் காற்றும் தண்ணீரும், அவற்றைச் சேர்த்துக் கட்டியது வெயில். எனக்கு மண்ணை அளந்து கொடுத்தீர்கள். விளைச்சல் எதிலிருந்து வருகிறதோ அதை நீங்கள் வைத்துக்கொண்டீர்கள். பத்திரம் பதிந்தது 2020 ஆகஸ்டில். சவுக்கு நட்டது அக்டோபரில். வாழை பத்து வருஷமாக அங்கே இருக்கிறது.

ரத்னாவதி

*

தெள்ளார்
20 மார்ச் 2023

ரத்னாவதிக்கு,

பயிர் விளையவில்லை என்றால் நிலத்தை விற்றுவிடு. வெளியாருக்கு வேண்டாம், நானே வாங்கிக்கொள்கிறேன். அதற்காகத்தான் மரம் வைத்தேன் என்று நினைப்பாய். நினைத்துக்கொள்.

இனி இதைப் பற்றி எழுதாதே.

ஞானசந்திரன்

*

ஆரணி
28 ஜனவரி 2024

அண்ணாவுக்கு,

எழுத வேண்டாம் என்று சொன்னீர்கள். பத்து மாதம் எழுதவில்லை. இதுவும் கேட்பதற்காக எழுதுவது அல்ல.

இந்த முறை மரம் முப்பத்தைந்து அடி. காலை நிழல் வயலில் பாதிக்குமேல் தாண்டிவிட்டது. அறுப்புக்கு நான்கு நாள் முன்பு போயிருந்தேன். கன்னியம்மாள் வரப்பில் உட்கார்ந்திருந்தாள். வடக்குப் பக்கம் கதிரெல்லாம் தலை சாய்ந்து மஞ்சளாக நின்றது. தெற்குப் பக்கத்தைக் காட்டி, "பாருமா, கதிரு எல்லாம் நட்டுக்கினு நிக்குது. உள்ள வெயிட்டு இருந்தாத்தான சாயும்" என்றாள். பிறகு, "நான் இந்தச் சீசனுக்கு வேற எங்கியும் ஆளுக்குப் போவலம்மா. இதுவே கதின்னு கெடந்தேன்" என்றாள். என்மேல் கோபப்பட்டுச் சொல்லவில்லை. நாற்றில் ஏதோ தவறு செய்துவிட்டோமோ என்று அவள் தன்னையே சந்தேகப்படுகிற மாதிரி இருந்தது. இலையைக் கிள்ளிக் காட்டி, உன் மேல் தப்பில்லை, இதற்கு வெயில் போதவில்லை என்று சொன்னேன். "அது எனுக்குத் தெரியாதா" என்றாள். சவுக்கைப் பார்த்தாள். உடனே புடவையைத் தட்டிக்கொண்டு எழுந்து நடந்தாள். அவள் குடியிருப்பது உங்கள் களத்தை ஒட்டிய இடத்தில் அல்லவா, உங்கள் மரத்தை எப்படிக் குறை சொல்வாள்?

ஒரு பையில் மாதிரி எடுத்துக்கொண்டு களம்பூரில் தெரிந்த மில்லுக்குப் போனேன். அங்கே இருந்தவர் ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் தேய்த்து ஊதினார். கையில் ஏழெட்டு அரிசிதான் மிஞ்சியது. "டீச்சர், இத்த அரைச்சா தவுடுதான் வரும். மாட்டுக்கு வோணா ஆவும்" என்றார். நான் தாவரவியல் டீச்சர் என்பது அவருக்குத் தெரியும். அதுதான் வெட்கமாக இருந்தது.

நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள் என்று எழுத மனம் வரவில்லை. இனி உங்களிடம் எதுவும் கேட்கமாட்டேன்.

ரத்னாவதி

*

தெள்ளார்
17 ஜூன் 2024

ரத்னாவதிக்கு,

இது உன் நிலம் சம்பந்தப்பட்டது என்பதால் தெரிவிக்கிறேன்.

மே கடைசியிலிருந்து வரப்புச் சவுக்கு பழுக்க ஆரம்பித்தது. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இரண்டு முறை மோட்டார் போட்டேன். போன வாரம் ஒரு மரத்தடியில் காய்ந்த சேறு உதிர்ந்திருந்தது. சுரண்டிப் பார்த்தேன். பட்டையைச் சுற்றிலும் வளையமாகச் சீவி, மேலே சேற்றை அப்பியிருக்கிறார்கள். எழுபத்திரண்டு மரம். ஒன்றுகூட மிச்சமில்லை.

ஏப்ரலில் நாங்கள் குடும்பத்தோடு தேருக்குப் போயிருந்த ஞாயிற்றுக்கிழமை கன்னியம்மாள் கொடுவாளோடு அந்தப் பக்கம் புல் அறுத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். இரண்டு போகம் விளையாத ஆத்திரம் அவளுக்கு இருக்கிறது. ஸ்டேஷனில் அவள் பெயரைச் சொல்லிப் புகார் கொடுத்திருக்கிறேன். இன்று காலை கூப்பிட்டு விசாரித்தார்கள். ஒன்றும் தெரியாது என்கிறாளாம்.

அவள் உன் வாரதாரர். உனக்கு ஏதாவது தெரிந்திருந்தால் எழுது.

ஞானசந்திரன்

*

ஆரணி
30 ஜூன் 2024

அண்ணாவுக்கு,

உங்கள் கடிதம் பத்து நாளைக்கு முன்பே வந்தது. பள்ளி திறந்த நேரம், உடனே எழுத முடியவில்லை.

கன்னியம்மாள் அப்படிச் செய்யக்கூடியவள் அல்ல. புல் அறுக்கிறவள் கையில் கொடுவாள் இருப்பது ஒரு சாட்சியா? சவுக்கில் பட்டை கொப்புளம் கட்டி வெடிக்கிற நோய் ஒன்று உண்டு. பூசணத்தால் வருவது. பட்டை வெடித்து, மரம் மேலிருந்து கீழாகக் காயும். வரிசையாக நெருக்கி வைத்த மரங்களில் ஒன்றிலிருந்து ஒன்றுக்குச் சீக்கிரம் பரவும். நேரில் பார்க்காமல் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. விவசாயத் துறையிலிருந்து யாரையாவது அழைத்துக் காட்டலாம்.

புகாரை அவசரப்பட்டுக் கொடுத்திருக்க வேண்டாம் என்று தோன்றுகிறது. அவள் வயதானவள்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

ரத்னாவதி

*

தெள்ளார்
15 ஜூலை 2024

ரத்னாவதிக்கு,

பூசணம் கையில் கொடுவாள் வைத்துக்கொண்டு வராது. வெட்டுக்குச் சேறும் பூசாது.

கன்னியம்மாளை இதுவரை நான்கு முறை கூப்பிட்டுவிட்டார்கள். அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. காலை ஒன்பதுக்குப் போனால் வாசல் பெஞ்சில் உட்காரவைத்து ஆறு மணிக்கு அனுப்புகிறார்கள். மரத்தைக் கொன்றவள் என்று ஊரில் பெயராகிவிட்டது. எல்லா வயலிலும் நடவு நடக்கிறது, அவளை யாரும் கூப்பிடுவதில்லை. நேற்று எங்கள் தெரு வழியாகப் போனாள். உன் அண்ணி மோர் கொடுத்தாள். வாங்காமல் போய்விட்டாள்.

பட்டையை வளையமாகச் சீவினால் மரம் ஏன் சாகிறது? படித்தவள் நீ. அதை எழுது, தெரிந்துகொள்கிறேன்.

ஞானசந்திரன்

*

ஆரணி
24 ஜூலை 2024

அண்ணா,

நான்தான் செய்தேன்.

ஏப்ரல் ஏழாம் தேதி முதல் பஸ்ஸில் வந்தவாசி வந்து அங்கிருந்து தெள்ளாருக்கு வந்தேன். நீங்கள் தேருக்குப் போவது வருஷா வருஷம் தெரிந்ததுதானே. பையில் கொடுவாளும் தண்ணீர் பாட்டிலும் வைத்திருந்தேன். எட்டு மணிக்கு மேற்குக் கோடியில் ஆரம்பித்தேன். முழங்கால் உயரத்தில், நான்கு விரல் அகலத்துக்கு, பட்டையை மட்டும் சுற்றிலும் சீவினேன். உள்கட்டையை ஒரு இடத்தில்கூடத் தொடவில்லை. ஒவ்வொன்றுக்கும் வாய்க்கால் சேற்றை அப்பிக்கொண்டே வந்தேன். நல்ல வெயில். பத்து மரத்துக்குள் கை பழகிவிட்டது. அதற்குப் பிறகு பரீட்சைத் தாள் திருத்துவதுபோல வேலை ஓடியது. நான்கரைக்கு எழுபத்திரண்டாவது மரம் முடிந்தது.

வீட்டுக்கு வந்தால் கை இரண்டும் கொப்புளம். பள்ளித் தோட்டத்தில் வேலை என்றேன். இவர், "ஞாயித்துக்கிழமையா" என்று மட்டும் கேட்டார். ஒரு வாரம் அந்தக் கையால் தறியில் பாவு நூலைத் தொட விடவில்லை. பட்டு இழை மாட்டிக்கொள்ளும் என்றார்.

நீங்கள் கேட்டதற்குப் பதில் இது. இலை வெயிலில் சமைத்த சர்க்கரை பட்டைக்குள்தான் கீழே இறங்கி வேருக்குப் போகிறது. தண்ணீர் உள்கட்டை வழியாக மேலே ஏறுகிறது. பட்டையை மட்டும் சீவிவிட்டால் தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்கும், மரம் பச்சையாக நிற்கும், யாருக்கும் தெரியாது. வேர் மட்டும் பட்டினி கிடந்து சாகும். வேர் செத்தபிறகு தண்ணீரும் நின்றுவிடும். கோடாலியைவிட இது மெதுவானது. அதனால்தான் இதைத் தேர்ந்தெடுத்தேன். வெட்டினால் அன்றே தெரிந்துவிடும். இது தெரியவரும்போது நான் ஆரணியில் வகுப்பு எடுத்துக்கொண்டிருப்பேன்.

ஏன் ஐந்து வாரம் வாய் திறக்கவில்லை என்று கேட்பீர்கள். தலைமையாசிரியர் பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் இருந்தது. பெயரில் வழக்கு இருந்தால் நீக்கிவிடுவார்கள். ஜூலை முடியட்டும், பட்டியல் வந்ததும் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். இதை எழுதும்போது எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரிகிறது. மறைக்க இனி ஒன்றும் இல்லை.

நேற்று ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் கொடுத்தேன். ஏட்டு படித்துப் பார்த்துவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தார். "டீச்சர், உங்க அண்ணன் புகாரை வாபஸ் வாங்கிட்டாரு. ரெண்டு நாளாச்சு. இத்த நான் எங்கன்னு வச்சிக்கிறது?" என்றார்.

ஏன் வாபஸ் வாங்கினீர்கள்?

ரத்னாவதி

*

தெள்ளார்
2 ஆகஸ்ட் 2024

ரத்னாவதிக்கு,

நீ எழுதுவதற்கு முன்பே எனக்குத் தெரியும். முதல் நாள் சேற்றைச் சுரண்டியபோதே தெரியும். எழுபத்திரண்டு மரத்திலும் ஒரே உயரம், ஒரே அகலம். ஆத்திரத்தில் வெட்டுகிறவர்கள் கையில் கிடைத்த இடத்தில் போடுவார்கள். பட்டையை மட்டும் சீவினால் போதும் என்று தெரிந்தவர் இந்த வட்டாரத்தில் யார் இருக்கிறார்கள்?

தெரிந்தும் கன்னியம்மாள் பெயரைக் கொடுத்தேன். உன் பெயரைக் கொடுத்திருந்தால் நீ வக்கீலோடு வந்திருப்பாய். அவள் பெயரைக் கொடுத்தால் நீ தாங்கமாட்டாய், ஒரு வாரத்தில் ஓடிவந்து என் வாசலில் நின்று சொல்லுவாய் என்று நினைத்தேன். அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது. நீ பூசணத்தைப் பற்றி எழுதினாய். அதைப் படித்ததும், சரி, இன்னும் எத்தனை நாள் சொல்லாமல் இருக்கிறாள் பார்ப்போம் என்று நானும் இருந்தேன். கன்னியம்மாள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

ஜூலை இருபதாம் தேதி காலை அவளே வீட்டுக்கு வந்தாள். படியேறவில்லை. "நயினாரே, யாரு செஞ்சதுன்னு சொல்லிட்டுப் போன்னு சொல்றாரு அந்த ஏட்டு. நான் செய்யல. யாரு செஞ்சதுன்னும் சொல்லமாட்டேன். ஆனா இன்னோரு வாட்டி அங்க போயி குந்தமாட்டேன். வூட்டக் காலி பண்ணிகினு செய்யாத்துல பொண்ணுகிட்டப் போறேன். புடிக்கணும்னா அங்க வந்து புடிச்சிக்கட்டும்" என்றாள்.

சொல்லமாட்டேன் என்றால், தெரியும் என்றுதானே அர்த்தம். அவள் என்னைப் பார்த்த விதத்தில், எனக்குத் தெரியும் என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது. மறுநாள் போய் வாபஸ் வாங்கினேன். அதற்குள் அவள் பாத்திரங்களைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள்.

இன்னொன்று. வாழைக்குக் காற்றுத் தடுப்பு என்று எழுதியது பொய். உன் பங்கில் நிழல் விழவேண்டும் என்றுதான் நட்டேன். ஒவ்வொரு கன்றுக்கும் ஆறு மாதம் நானே தண்ணீர் ஊற்றினேன். யாரிடமும் கொடுக்கவில்லை.

ஞானசந்திரன்

*

ஆரணி
12 ஜனவரி 2025

அண்ணாவுக்கு,

காய்ந்த மரங்களை எடுத்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். அக்டோபரில் நடவுக்கு ஆள் கேட்டு வந்தபோது, வெறும் வரப்பைத்தான் பார்த்தேன். ஆள் கிடைக்கவில்லை. கன்னியம்மாள் தெருவில் நான்கு வீட்டில் கேட்டேன். "நயினாரு வூட்டு நெலத்துல எறங்கினா அப்பறம் எங்களையும் கூப்ட்டுக் குந்தவைப்பாங்க" என்று ஒருத்தி கதவுக்குள்ளிருந்தே சொன்னாள். உங்கள் வயலுக்கும் வெளியூரிலிருந்து ஆள் அழைத்துவந்தீர்களாம். என் வயலில் இடுப்புயரம் கோரை நிற்கிறது. வரப்பிலிருந்து வரப்பு வரைக்கும் ஒரு அடி நிழல் இல்லை. கோரை நன்றாகத்தான் வளர்கிறது.

பட்டியல் வந்தது. தலைமையாசிரியர் ஆகிவிட்டேன். வேறு ஊருக்குப் போகவேண்டும்.

நேற்று செய்யாறுக்குப் போயிருந்தேன். கன்னியம்மாளின் மகள் பவித்ரா தொழிற்பேட்டையில் தையல் பிரிவில் இருக்கிறாள். கன்னியம்மாளுக்கு அதே கம்பெனி கேண்டீனில் தட்டு கழுவுகிற வேலை. இரண்டாம் ஷிப்டுக்குக் கம்பெனி பஸ்ஸை எதிர்பார்த்து ரோட்டோரம் நின்றுகொண்டிருந்தாள். நீலச் சட்டை போட்டிருந்தாள், அடையாளம் தெரியவில்லை. அவள்தான், "இன்னாமா இம்மாந்தூரம்" என்று கூப்பிட்டாள்.

நான் செய்ததைச் சொன்னேன். "தெரியும்மா. நான் அன்னிக்குப் புல்லு அறுத்துகினு இருந்தேன் இல்ல. ஓடைக்கு அந்தாண்டருந்து பாத்துகினேதான் இருந்தேன். நீ ஒரு வாட்டிகூடத் திரும்பல" என்றாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீயா சொல்லுவன்னு இருந்தேன்" என்றாள்.

நிலத்தை அவள் பெயருக்கே எழுதிக்கொடுக்கிறேன், வாரம் வேண்டாம், முழுசும் அவளுக்கே என்றேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். யோசித்துச் சொல் என்றேன். "ஸ்டேஷன்ல எம்பேரை எடுத்துட்டாங்களா, அத்த மட்டும் கேட்டுச் சொல்லுமா. பவித்ராக்கு மாப்பிள பாக்கறாங்க" என்றாள்.

மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். அது வரவில்லை. என்ன பேசுவதென்று தெரியாமல், எப்படிச் செய்தேன் என்பதை அவளுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். இலையில் சமைத்தது பட்டைக்குள்தான் இறங்கும், அங்கே வெட்டினால் மரம் வெளியே தெரியாமல் சாகும் என்று. வகுப்பில் சொல்வதுபோலச் சொன்னேன். அவள் கடைசி வரை பொறுமையாகக் கேட்டாள். பஸ் வந்தது. படியில் கால் வைத்தவள் திரும்பிப் பார்த்து,

"மரத்துக்குச் சோறு எந்த வழியாப் போவுதுன்னு தெரிஞ்சிகினு அந்த எடத்தப் பாத்து வெட்டியிருக்கிற. எனுக்கு எந்த வழியா வருதுன்னு உனுக்குத் தெரியாதாமா?" என்றாள்.

சத்தம் போட்டுக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்வதற்காகக் கேட்டதுபோல இருந்தது. பஸ் போய்விட்டது.

தெரியும் என்றுதான் நான் சொல்லியிருக்க வேண்டும், அண்ணா. உங்களுக்கும் தெரியும்.

ரத்னாவதி